கே. சாந்தகுமாரி, பெண், வயது 36

மர்பி டவுன், பெங்களூர்
18-1-1999

மதிப்பிற்குரிய டிக்கெட் பரிசோதகர் ஐயா அவர்களுக்கு,

நான் சாந்தகுமாரி இல்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து நாள் யோசித்தேன். பொங்கலுக்கு முந்தின நாள், சென்னை போகும் பகல் வண்டியில், நாற்பத்தேழாம் எண் சீட்டில், மடியில் எள்ளும் வெல்லமும் கலந்த எள்ளு பெல்லப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தவள் நான்தான். நீங்கள் சார்ட்டைப் பார்த்து "சாந்தகுமாரியா?" என்றீர்கள். "ஆமாம்" என்றேன். "இனிஷியல் என்னம்மா?" என்றீர்கள். எனக்கு டிக்கெட் கொடுத்தவர் பெயரையும் வயதையும் மனப்பாடம் செய்யச் சொன்னாரே தவிர இனிஷியலைச் சொல்லித் தரவில்லை. "ஜே" என்று என் சொந்த அப்பாவின் எழுத்தைச் சொல்லிவிட்டேன். நீங்கள் "கே ஆச்சே" என்றீர்கள்.

அபராதம் போடுவீர்கள், பங்காருப்பேட்டையில் இறக்கி விடுவீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். நீங்களோ ஒரு தாளைக் கிழித்து உங்கள் பெயரையும் ஜோலார்பேட்டை முகவரியையும் எழுதிக் கொடுத்து, "இந்தப் பேரு உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு ஊருக்குப் போயி நிதானமா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

வந்த கதை இதுதான். எங்கள் தெருமுனையில் இராஜமாணிக்கம் என்பவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பே யார் யார் பெயரிலோ டிக்கெட் எடுத்து வைத்துக்கொள்வார். வருகிறவர் ஆணா பெண்ணா, என்ன வயது என்று பார்த்துப் பொருத்தமான டிக்கெட்டை எடுத்துத் தருவார். "உங்களுக்கு முப்பத்தாறு கரெக்டா வரும் மேடம்" என்றார். எனக்கு முப்பத்தொன்றுதான் ஆகிறது. அந்த வருத்தம் தனி.

நான் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் சேர்க்கைப் பதிவேடு எழுதுகிறவள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி இவற்றோடுதான் என் பிழைப்பே. அப்படிப்பட்டவள் பொய்ப் பெயரில் போய் மாட்டிக்கொண்டது வெட்கமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை வைத்து வழக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ரயிலில் ஆயிரம் பேர் போகிறார்கள். இந்த ஒரு பெயருக்கு மட்டும் இனிஷியலை ஏன் கேட்டீர்கள்?

இப்படிக்கு,
ஜெ. சங்கமித்ரா

---

ஜோலார்பேட்டை
27-1-1999

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. விவரம் அறிந்தேன். வழக்கு எதுவும் இல்லை. அஞ்ச வேண்டாம்.

இந்தப் பெயர் இரண்டு வருடமாக இந்த வண்டியில் வருகிறது. என் டியூட்டியில் மட்டும் பதினேழு முறை வந்திருக்கிறது. குறித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெண்கள். ஒருவர் கல்லூரி மாணவி. ஒருவர் பேரனோடு வந்தார். எல்லோரும் "ஆமாம், நான்தான் சாந்தகுமாரி" என்றார்கள். நானும் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவேன். இந்தத் தடவைதான் கேட்டேன்.

புரோக்கர்கள் போடும் பொய்ப் பெயர்களை எனக்குத் தெரியும். அவற்றுக்கு வயது ஏறாது. ஒரு முறை முப்பது என்று போட்டால் ஆயுசுக்கும் முப்பதுதான். இந்தப் பெயருக்கு முதலில் 34 என்று இருந்தது. பிறகு 35. இப்போது 36. அதுவும் ஜனவரியில் ஏறவில்லை. ஆடி பத்தொன்பது தாண்டிய பிறகு ஏறுகிறது.

அந்த ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இந்தப் பெயர் எங்கிருந்து கிடைக்கிறது என்று விசாரித்து எழுத முடியுமா? துறை சம்பந்தமாகத் தேவைப்படுகிறது.

தங்கள் பெயரை நான் இதுவரை எந்தச் சார்ட்டிலும் பார்த்ததில்லை. எந்த ஊர்?

கோ. உத்தமன்

---

மர்பி டவுன்
9-2-1999

ஐயா,

ஊர் கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். நாங்கள் பௌத்தர்கள், அதனால் அந்தப் பெயர். போதுமா? இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

சித்திரைக்கு டிக்கெட் வேண்டும் என்று பொய் சொல்லிக்கொண்டு இராஜமாணிக்கத்தின் கடைக்குப் போனேன். பேச்சுவாக்கில், "போன தடவ சாந்தகுமாரின்னு ஒரு பேரு குடுத்தீங்களே, ராசியான பேரு. யாரு வெச்சது?" என்றேன்.

"பேரெல்லாம் நான் வெக்கிறதில்ல மேடம். கண்டோன்மென்ட் ஸ்டேஷன்ல ரிசர்வேஷன் ஃபாரம் எழுதிக் குடுக்கிற அம்மா இருக்காங்க. கட்டா ஃபாரத்த குடுத்துட்டு, ஆம்பளப் பேரு ரெண்டு, பொம்பளப் பேரு ரெண்டு போடும்மான்னா அவங்களே எழுதிடுவாங்க. கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூணும் முத்து முத்தா எழுதும். பகல் வண்டின்னா மட்டும் அந்த ஒரே பேருதான் போடும். நானும் கேட்டுக்கிறதில்ல. எனக்கெதுக்கு?"

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். முன்பதிவு நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதில் ஒரு பெண், மடியில் பரீட்சை அட்டை, அட்டையில் நூல் கட்டிய பேனா. பேனாவை இரவல் வாங்குகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் போல, அதனால்தான் நூல். வரிசையில் நான்கு பேர் நின்றார்கள். ஒரு கிழவருக்கு எழுதும்போது, "வயசு எழுவதா? கொறச்சிப் போடாதீங்க, பெரியவங்க சலுகை போயிடும்" என்று அதட்டினார்.

நான் பேசவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் என்றால், உங்கள் கடிதத்தில் "துறை சம்பந்தமாக" என்று இருக்கிறது. துறைக்கு ஆடி பத்தொன்பது எப்படித் தெரியும்? எந்தப் பயணியின் பிறந்தநாளை எந்தப் பரிசோதகர் தமிழ் மாதத்தில் ஞாபகம் வைத்திருக்கிறார்? இனிஷியல் கே என்று சார்ட்டில் இருக்கிறது. உங்கள் கையெழுத்தில் கோ என்று இருக்கிறது; இங்கிலீஷில் அதையும் கே என்று போடுகிறவர்கள் உண்டு. நான் பதிவேடு எழுதுகிறவள் ஐயா. அண்ணன் தங்கையை இனிஷியலை வைத்தே சேர்த்து உட்கார வைப்பவள்.

முழுக்கதையையும் சொன்னால்தான் அந்தப் பெஞ்சுக்கு மறுபடி போவேன்.

சங்கமித்ரா

---

ஜோலார்பேட்டை
20-2-1999

சகோதரிக்கு,

நீங்கள் நினைத்தது சரிதான். சாந்தகுமாரி என் தங்கை. எனக்கு மூன்று வயது இளையவள்.

1987இல் பெங்களூருக்கு டைப்ரைட்டிங் பரீட்சை எழுதப் போன இடத்தில் ஆண்டனி என்ற வெல்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி, வேறு மதம். அப்பா அப்போது இல்லை. வீட்டுக்குப் பெரியவன் நான். எனக்கு இருபத்தெட்டு வயது, கறுப்புக் கோட்டு புதிது. ஊரே என்னைப் பார்க்கிறது என்று ஒரு நினைப்பு.

மறு வருடம் அவள் ஒரே ஒரு தடவை வந்தாள். சமாதானத்துக்கு அல்ல. புருஷன் வீட்டு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும் என்றால், பிறந்த வீட்டுக் கார்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டோம் என்று சான்று வேண்டும் அல்லவா, அதைக் கேட்டு வந்தாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, "ஒம் பேரு எங்க கார்டுலயே கெடக்கட்டும். வேற எங்கயும் எழுதிக்கக் கூடாது, போ" என்றேன். பள்ளிக்கூட சர்டிபிகேட்டையும் தரவில்லை. பெரிய வசனம் பேசிவிட்டதாக அன்றைக்கு நினைத்தேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பாசஞ்சரில் திரும்பிப் போய்விட்டாள்.

பதினோரு வருடம் ஆகிறது. தேடவில்லையா என்று கேட்பீர்கள். தேடவில்லை. முதலில் கோபம், பிறகு வெட்கம். அம்மா போனபோதுகூடச் சொல்லி அனுப்ப முகவரி இல்லை. பெயர் மட்டும் கார்டில் இருக்கிறது. மாதா மாதம் அவள் பங்குச் சர்க்கரை அரைக் கிலோ வாங்குகிறோம். சில நாள் நான் காப்பியைச் சர்க்கரை போடாமலே குடித்துவிடுவேன்.

அவள் எப்படி இருக்கிறாள்? தலை நரைத்துவிட்டதா? என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

உத்தமன்

---

மர்பி டவுன்
3-3-1999

உத்தமன் அவர்களுக்கு,

முன் நெற்றியில் கொஞ்சம் நரை. மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறார். உங்களைவிட இளைப்பு.

நேற்றுப் போனேன். ஒரு டிக்கெட் எழுதித் தரச் சொன்னேன். பெயர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார், முப்பத்தொன்று என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, பொங்கலுக்கு நான் சாந்தகுமாரியாகப் போனதைச் சொன்னேன். முதலில் பயந்துவிட்டார். நான் சிரித்த பிறகுதான் சிரித்தார்.

"ஒங்களுக்கு ஊர்ல வேற பேரா கெடைக்கல? எதுக்குங்க சொந்தப் பேரையே எழுதறீங்க?" என்றேன்.

அட்டையை முந்தானையால் துடைத்தார். பிறகு சொன்னார்.

"எம் பேரு எந்தக் காகிதத்துலயும் இல்லீங்க. வீட்டுக்காரர் ரேஷன் கார்டுல அவரு இருக்காரு, பிள்ளைங்க ரெண்டும் இருக்கு, நான் இல்ல. ஓட்டும் இல்ல. இந்த ஃபாரம் ஒண்ணுலதான் பேரு எழுதுன்னு சொல்றான், அத்தாட்சி எங்கன்னு கேக்க மாட்றான். ரெண்டு வருசத்துக்கு முன்னால எங்கண்ணன இந்த பிளாட்பாரத்துல பாத்தேன். கோட்டு, தொப்பை, அப்படியே எங்கப்பா. பகல் வண்டியிலதான் டியூட்டின்னு தெரிஞ்சுகிட்டேன். அன்னையிலேருந்து அந்த வண்டிக்கு எம் பேரத்தான் போடறேன். என்னப் பாக்க வேணாம். மாசத்துல ஒருக்கா பேரையாவது படிக்கட்டும்னு."

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

இப்போது முக்கியமானது. ஆண்டனி மூன்று வருடமாக மஸ்கட்டில் இருக்கிறார். குடும்பத்தை அழைத்துக்கொள்ள கம்பெனி சம்மதித்துவிட்டது. செப்டம்பர் முடிவதற்குள் போக வேண்டும், தவறினால் அந்த அனுமதி ரத்து. பிள்ளைகள் இருவருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இவருடைய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ரேஷன் கார்டில் பெயர் இல்லை, பிறந்த தேதிக்குச் சர்டிபிகேட் இல்லை. "நான் இல்லாம பிள்ளைங்கள அனுப்பிடலாமான்னு பாக்கறேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். பேனாவின் நூலை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

நீங்கள் வாசற்படியில் சொன்ன வசனம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது ஐயா. கார்டிலிருந்து அவர் பெயரை எடுத்து, சான்றை அனுப்புங்கள்.

சங்கமித்ரா

---

ஜோலார்பேட்டை
12-3-1999

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

அவள் இங்கே வரட்டும். நான் மன்னிப்புக் கேட்கிறேன். என் மனைவியும் சொல்கிறாள். பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். ஆனால் பெயரை நீக்குவது பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அம்மா சாகும்போது அந்தக் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அவ பேர மட்டும் அடிச்சிடாதடா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எங்கள் வீட்டில் சாந்தா என்று மிச்சம் இருப்பது அந்த ஒரு வரிதான். நாங்கள் அவளைத் தள்ளி வைக்கவில்லை என்பதற்கும் அதுதானே சாட்சி?

எங்கள் கார்டையே காட்டி இந்த ஊர் முகவரியில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட முடியாதா? நான் கூட வந்து அலைகிறேன்.

உத்தமன்

---

மர்பி டவுன்
17-3-1999

உத்தமன் அவர்களுக்கு,

முடியாது. விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் ஜோலார்பேட்டையில் குடியிருக்கவில்லை. போலீஸ் விசாரணைக்கு வருகிறவர் அங்கே யாரைப் பார்ப்பார்? அரைக் கிலோ சர்க்கரையையா?

கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டாம். ஒரே ஆள் இரண்டு கார்டில் இருக்க முடியாது. நீங்கள் அவர் பெயரைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள், சரி. அந்தப் பெயருக்குரிய ஆள் இங்கே மரத்தடியில் ஊருக்கெல்லாம் பயணச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளைகளோடு விமானம் ஏற முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் அம்மா அடிக்க வேண்டாம் என்றது பெயரை மட்டும்தானா? யோசித்துப் பாருங்கள்.

பதினேழு முறை யார் யாரையோ பார்த்து "இவள்தான் சாந்தகுமாரி" என்று டிக் அடித்தீர்கள். உண்மையான சாந்தகுமாரிக்கு ஒரு கையெழுத்துப் போட ஏன் இத்தனை தயக்கம்?

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

சங்கமித்ரா

---

ஜோலார்பேட்டை
9-4-1999

தங்கை சங்கமித்ராவுக்கு,

மூன்று வாரம் பதில் எழுதவில்லை. உங்கள் மீது கோபமாக இருந்தேன். பிறகு கோபப்பட ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

நேற்று லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். பெயர் நீக்க என்ன காரணம் என்று கேட்டார். கல்யாணமாகிப் போய்விட்டாள் என்றேன். எப்போது என்றார். 1987 என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பன்னெண்டு வருசம் கழிச்சி கல்யாணம்னு எழுதினா ஆயிரம் கேள்வி கேப்பாங்க சார். எறந்துட்டாங்கன்னு போட்டுடலாமா? சட்டுனு முடிஞ்சிடும்" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து மனுவை நானே எழுதினேன். அதற்கு மூன்று தாள் வீணாயிற்று. காரணம் என்ற இடத்தில் "திருமணம்" என்று எழுதினேன். கணவர் பெயர் என்ற இடத்தில் "ஆண்டனி" என்று எழுதினேன். அந்தப் பெயரை என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடம் ஏன் தாமதம் என்று உள்ளே கேட்டார்கள். "தப்பு என்னுது சார்" என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

சிவப்பு மையில் கோடு போட்டார்கள். ஸ்கேல் வைத்துப் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சான்றும், அவளுடைய பள்ளிக்கூட சர்டிபிகேட்டும் இதனுடன் ரிஜிஸ்டர் தபாலில் வைத்திருக்கிறேன். கையில் கொடுத்துவிடுங்கள். என் பெயரைச் சொல்லலாம்.

உத்தமன்

---

மர்பி டவுன்
30-8-1999

உத்தமன் அண்ணனுக்கு,

நடுவில் நான் போட்ட தபால் கார்டுகளில் ஒன்றிரண்டு வரிதான் எழுத முடிந்தது. இன்றைக்குத்தான் முழுதாகச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. பாஸ்போர்ட் வந்துவிட்டது.

ஏப்ரலில் அந்தச் சான்றைக் கொடுத்தபோது நடந்ததை இதுவரை எழுதவில்லை. அவர் அதை ஃபாரம் படிப்பது போலத்தான் முதலில் படித்தார். பெயர் சரியா, வயது சரியா, முத்திரை இருக்கிறதா என்று. காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. மனுவின் நகலையும் நீங்கள் வைத்திருந்தீர்கள் அல்லவா? "எங்கண்ணன் எழுத்து இன்னும் கோழி கெளறினாப்லதான் இருக்குது" என்றார். பிறகு வரிசையில் இருந்தவர்களை எல்லாம் "நாளைக்கி வாங்க" என்று அனுப்பிவிட்டார். அவர் அழுததை நான் விவரிக்கப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியட்டும்.

உங்களை வந்து பார்க்கச் சொல்லட்டுமா என்று பலமுறை கேட்டேன். "பேரு மொதல்ல நேராவட்டும். அப்பறம் நேர்ல பாத்துக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் தேதி சென்னையிலிருந்து விமானம். எட்டாம் தேதி பகல் வண்டியில் மூவரும் வருகிறார்கள். நீங்கள் டியூட்டி என்று தெரிந்துதான் அந்த நாள். ஃபாரத்தை அவரே எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன்.

இந்தத் தடவை வருவது அசல் ஆள். இனிஷியல் கேட்க மறக்காதீர்கள்.

சங்கமித்ரா

---

ஜோலார்பேட்டை
10-9-1999

அன்புத் தங்கை சங்கமித்ராவுக்கு,

கண்டோன்மென்ட்டில் நீங்கள் பிளாட்பாரத்தில் நின்றதைப் பார்த்தேன். கையசைக்க முடியவில்லை. இரண்டு கையாலும் சார்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் சீட்டிலிருந்தே வரிசையாகப் போனேன். நேராக அவளிடம் போய் நிற்கத் தைரியம் இல்லை. முப்பத்தொன்றாம் எண்ணுக்கு வந்தபோது வண்டி ஒயிட்ஃபீல்டு தாண்டிவிட்டது. சார்ட்டில் "கே. சாந்தகுமாரி, பெண், 37" என்று இருந்தது. ஆடி தாண்டிவிட்டதே. பக்கத்தில் பெரியவள், சன்னலோரம் சின்னவன். சின்னவனுக்கு எங்கள் அப்பாவின் காது.

வாய்க்குப் பழகியதைத்தான் கேட்டேன். "பேரு?"

"சாந்தகுமாரி."

"இனிஷியல்?"

"கே. கோவிந்தசாமி. ஒங்களுக்கு மட்டும் வேறயா?"

பிறகு பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். நான் கேட்கவில்லை. அவளே நீட்டினாள். போட்டோவைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேன், மறுபடி போட்டோவைப் பார்த்தேன். பன்னிரண்டு வருட சர்வீசில் இவ்வளவு நேரம் நான் யாரையும் பரிசோதித்ததில்லை. கடைசிப் பக்கத்தில், ஆபத்து என்றால் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்று நாமே எழுத ஒரு இடம் இருக்கிறது. அதில் முத்து முத்தாக என் பெயரும் இந்தக் குவார்ட்டர்ஸ் முகவரியும் இருந்தன.

டிக் அடிக்கப் போனேன். கண்ணில் தண்ணீர், சார்ட்டில் வரி தெரியவில்லை. அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கித் தன் பெயருக்கு நேராகத் தானே டிக் அடித்தாள். பிள்ளைகள் இருவருக்கும் அடித்தாள். பேனாவை மூடி என் கோட்டுப் பையில் செருகினாள்.

"மிச்சம் சீட்டெல்லாம் பாருங்கண்ணா. சனங்க டிக்கெட்ட கையில வெச்சிகிட்டுக் காத்திருக்காங்க. முடிச்சிட்டு வந்து உக்காருங்க, ஜோலார்பேட்ட வர்ற வரைக்கும் நேரம் இருக்குது."

உத்தமன்